கிணற்றுச் சுவரில் ஒரு கன்னிக்கூந்தல்

கோடை விடுமுறையில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போய்த் திரும்புகிறவர்கள் மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவரும் பொருள்களில் ஒன்று, சிறிய தொட்டியில் வளரும் ஒரு பெரணிச் செடி. தலைமயிர் போல மெலிந்து, கறுத்து மினுமினுக்கும் காம்புகள்; அவற்றில் விசிறி விசிறியாகப் பச்சைப் பசேலென்ற சிற்றிலைகள். மூச்சுக் காற்றுப் பட்டாலே முழுச் செடியும் சிலிர்க்கும். இப்படிப்பட்ட செடி ஒன்றை வாங்கியவர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரலைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல காற்றும் வெளிச்சமும் வரும் சன்னலில் அதை வைக்கிறார். காலையும் மாலையும் தவறாமல் நீர் ஊற்றுகிறார். போதாதென்று இலைகளின் மேலும் தெளிக்கிறார். ஒரு வாரத்தில் இலை ஓரம் பழுப்பேறுகிறது. மூன்றாவது வாரத்தில் தொட்டியில் இருப்பது ஒரு பிடிச் சருகு. “மலைச்செடி அல்லவா? நம்மூர் வெக்கை அதற்கு ஆகாது” என்று பக்கத்து வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இந்தத் தீர்ப்பு சரிதானா? மேல்முறையீடு செய்ய இடமிருக்கிறது. சாட்சி சொல்லப் பழைய கிணறுகள் இருக்கின்றன.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய கிணறு உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், பெரியவர் ஒருவர் துணையோடு, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு எட்டிப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, காரை பெயர்ந்த இடுக்குகளில் பெரணிகள் தொங்குவதைக் காண்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சீப்புப் போல நீண்ட இலைகளையுடைய வேறு வகைகளாக இருக்கலாம். ஆனால் இராஜஸ்தானம், குஜராத் போன்ற வறண்ட பகுதிகளில்கூடக் கிணறுகளின் உட்சுவரில் நம் கதாநாயகி வளர்வதைத் தாவர நூலார் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே அடிக்கும் வெயிலுக்கு ஏரல் வெயில் எம்மாத்திரம்? ஆகவே வெயிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் நாம் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பெயர் வந்த கதை

இந்தச் செடியின் தாவரவியல் பேரினப் பெயர் அடியாண்டம். உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் தாவரவியல் படிப்பவர்கள் இந்தப் பெயரை அறிவார்கள். இது கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ‘நனையாதது’ என்று பொருள். நீரில் அமிழ்த்தி எடுத்தாலும் இலை உலர்ந்தே இருப்பதை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். தாமரை இலைத் தண்ணீரை உவமையாகப் பேசும் நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. இலையின் மேற்பரப்பில் படிந்துள்ள நுண்ணிய மெழுகுப் பூச்சே இரண்டிற்கும் காரணம். நீர்த்துளி அதன்மேல் பரவ முடியாமல் உருண்டு விழுந்துவிடுகிறது.

உலகெங்கும் பரவியுள்ள முக்கிய இனத்துக்கு அடியாண்டம் கேப்பில்லஸ்-வெனரிஸ் என்று பெயர். ‘வீனஸ் தேவியின் கூந்தல்’ என்பது அதன் பொருள். கடலிலிருந்து எழுந்து வந்தபோதும் கூந்தல் நனையாத தேவி என்ற கற்பனை இதற்குள் இருக்கிறது. ஆங்கிலேயர் தேவியைக் கன்னியாக்கினர். நாமும் இங்கே கன்னிக்கூந்தல் என்றே வழங்குவோம். கூந்தல் என்று பெயர் வைத்ததால் முடி வளர்க்கும் மருந்து என்ற நம்பிக்கையும் ஐரோப்பாவில் தொற்றிக்கொண்டது. ஒரு மூலிகை எந்த உறுப்பைப் போல் இருக்கிறதோ அந்த உறுப்பின் நோயைத் தீர்க்கும் என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினார்கள். அதை மெய்யென்று நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள். இருமலுக்கான யுனானி மருந்துகளில் பர்சியாவ்ஷான் என்ற பெயரில் இது சேர்வதும், பிரான்சில் இதிலிருந்து ஒருவகைச் சர்பத்துக் காய்ச்சியதும் உண்மை. அதற்காக வீட்டுத் தொட்டியிலிருந்து பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பது கூடாது.

சீன நாட்டுக் கிங்கோ மரத்தின் இலை இந்தச் சிற்றிலையைப் போலவே விசிறி வடிவில் இருப்பதால் அந்த மரத்தையும் ஆங்கிலத்தில் கன்னிக்கூந்தல் மரம் என்கிறார்கள். உறவு ஒன்றும் இல்லை; முகச்சாயல் மட்டுமே.

குற்றவாளி யார்?

இப்போது விசாரணைக்கு வருவோம். நனையாத இலை ஏன் நீரின்றிக் காய்கிறது? இலைக்கு நீர் வெளியிலிருந்து வருவதில்லை. வேரிலிருந்து காம்பு வழியாக ஏறி வருகிறது. அந்த நீர் இலையின் அடிப்பக்கத்திலுள்ள நுண்துளைகள் வழியே ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. இதையே நீராவிப்போக்கு என்கிறோம். வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை இலை பசுமையாக நிற்கும். கன்னிக்கூந்தலின் இலையோ மிகமிக மெல்லியது. அதற்குள் சேமிப்பு என்று சொல்லத்தக்க நீர் கிடையாது. வேர்களும் மண்ணில் ஆழமாக இறங்காமல் மேல்மட்டத்திலேயே படர்கின்றன. அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் போல, வரவு ஒரு நாள் தப்பினால் மறுநாள் பட்டினிதான்.

செலவை நிர்ணயிப்பது காற்றின் தாகம். வெப்பக் காற்று நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று கொஞ்சமே தாங்கும். 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 13 கிராம். 35 டிகிரியில் அதே ஒரு கனமீட்டர் காற்று சுமார் 40 கிராம் தாங்கும். மலையில் 15 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 80 என்றால், அந்தக் காற்றில் இன்னும் காலியாக இருக்கும் இடம் இரண்டரைக் கிராமுக்கு மட்டுமே. சமவெளியில் 35 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 50 என்றால் காலியிடம் 20 கிராம். அதாவது மலைக்காற்றைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு தாகத்தோடு சமவெளிக் காற்று இலையை உறிஞ்சுகிறது. வேர் எவ்வளவு வேகமாக நீரை அனுப்பினாலும் ஈடு கொடுக்க முடிவதில்லை. காம்பிலிருந்து மிகவும் தள்ளியிருக்கும் இலை ஓரம் முதலில் காய்கிறது.

கிணற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்பது இப்போது விளங்கும். அங்கேயும் குளிர் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் கீழே நீர்ப்பரப்பு, சுற்றிலும் கசியும் சுவர், காற்று வீசுவதில்லை. எனவே உள்ளிருக்கும் காற்று நீராவியால் கிட்டத்தட்ட நிரம்பியே இருக்கிறது. தாகமில்லாத காற்று இலையை ஒன்றும் செய்வதில்லை. அக்கினி நட்சத்திரம் தலைக்கு மேலே எரிந்தாலும் பெரணி கவலைப்படாமல் தொங்குகிறது. ஆக, குற்றவாளி வெக்கை அன்று. வறண்ட காற்றும் அதை வீசியடிக்கும் வேகமும்தான்.

இலைமேல் நீர் தெளித்தவரின் முயற்சி ஏன் வீணாயிற்று என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. நனையாத இலைமேல் தெளித்த நீர் உருண்டு விழும். சுற்றியுள்ள காற்று சில நிமிடங்கள் ஈரமாகும். பிறகு பழைய கதைதான். தெளிப்பதால் மனத்துக்குத் திருப்தி உண்டு, செடிக்கு இல்லை.

ஒரே காற்று, இரண்டு குணம்

ஆனி, ஆடி மாதங்களில் ஏரல், திருச்செந்தூர், தூத்துக்குடிப் பக்கம் மேற்கேயிருந்து வீசும் மேல்காற்றை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புழுதியை வாரி இறைத்துக்கொண்டு நாள் முழுவதும் அடிக்கும். துவைத்துப் போட்ட வேட்டி சிறிது நேரத்தில் மொரமொரப்பாகிவிடும். விந்தை என்னவென்றால், அதே நாள்களில், அதே காற்றுதான் குற்றாலத்தில் சாரலாகப் பொழிந்துகொண்டிருக்கிறது.

அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுகிறது. மேலேறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அத்தனை நீராவியையும் தாங்க முடியாது, மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்று அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது. சூடேறிய காற்றுக்குத் தாகம் பெருகுகிறது. பொதிகையின் பாறை இடுக்குகளில் பெரணிகளுக்கு நீராட்டு விழா நடத்திய அதே காற்று, நெல்லைச் சமவெளியைக் கடந்து ஏரலுக்கு வந்து சேரும்போது நம் சன்னலோரத் தொட்டியைச் சருகாக்குகிறது.

இதற்கு மாற்று என்ன என்பதை ஏரலுக்குக் கிழக்கே ஆற்றோரத்திலுள்ள ஆத்தூர் விவசாயிகளிடம் போய்க் கற்கலாம். ஆத்தூர் வெற்றிலை பெயர் பெற்றது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெற்றிலையும் நிழலையும் ஈரத்தையும் விரும்பும் கொடிதான். அதைத் திறந்த வெளியில் யாரும் வைப்பதில்லை. அகத்தியை நெருக்கமாக வளர்த்து, அதில் கொடியை ஏற்றி, பாத்திகளுக்கு இடையே நீரோடும் கால்களை விட்டிருப்பார்கள். கொடிக்காலுக்குள் நுழைந்ததும் உடம்பில் ஒரு குளிர்ச்சி தட்டுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? மேலே அகத்தியின் கூரை வெயிலைச் சல்லடையாக்கி அனுப்புகிறது. நெருங்கி நிற்கும் கொடிகள் காற்றைத் தடுக்கின்றன. காலில் நிற்கும் நீரும் இலைகளும் விடும் ஆவி உள்ளேயே தங்குகிறது. வேளாண்மைக் கல்லூரிகள் வருவதற்கு முன்பே நம் ஆற்றங்கரை உழவர் கட்டிய பசுமைக் கூடம் இது. கன்னிக்கூந்தல் கேட்பதும் இதே வசதியைத்தான், தொட்டி அளவில்.

மங்கிய ஒளியில் வாழும் வித்தை

கிணற்றுக்குள்ளும் மரநிழலிலும் வெளிச்சம் குறைவு. வெறும் குறைவு மட்டுமல்ல, தரமும் மாறிவிடுகிறது. மேலேயுள்ள மரங்களின் இலைகள் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் தமக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தையே கீழே விடுகின்றன. இந்த எச்சில் ஒளியில் பெரணி எப்படிச் சமைத்துச் சாப்பிடுகிறது?

பொதுவாகச் செடிகளில் சிவப்பு ஒளியை உணரும் புரதம் ஒன்று, நீல ஒளியை உணரும் புரதம் வேறொன்று. கன்னிக்கூந்தலை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானிகள் 1998இல் ஒரு புதுமையைக் கண்டார்கள். அதன் செல்களில் இரண்டு உணர்விகளும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல ஒரே புரதமாக இருக்கின்றன. இதற்கு இப்போது நியோகுரோம் என்று பெயர். சிவப்பும் நீலமும் சிறிதளவு வந்தாலே இது விழித்துக்கொள்ளும். இலை ஒளியின் பக்கம் வளைவதும், செல்லுக்குள் பசுங்கணிகங்கள் ஒளி விழும் இடத்துக்கு நகர்வதும் இதன் கட்டளையால் நடக்கின்றன.

இதைவிட வியப்பான செய்தி 2014இல் வெளிவந்தது. இந்த உணர்வியைப் பெரணிகள் தாமே உண்டாக்கிக்கொள்ளவில்லையாம். ஆந்தோசெரோஸ் வகையைச் சேர்ந்த, தரையோடு தரையாக ஒட்டி வளரும் பிரயோஃபைட்டு ஒன்றிடமிருந்து பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஜீன் பெரணிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் சொத்தன்று இது; பக்கத்து வீட்டிலிருந்து வந்த சொத்து! பூக்கும் மரங்கள் உலகை ஆக்கிரமித்து நிழல் சூழ்ந்தபோது, பழைய குடிகளான பெரணிகள் அழிந்துபோகாமல் அந்த நிழலிலேயே பலவாகப் பெருகியதற்கு இந்த வரவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

2022இல் கன்னிக்கூந்தலின் முழு மரபுத்தொகுதியும் படிக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 480 கோடி எழுத்துகள். மனிதனுக்கு 310 கோடிதான். குரோமோசோம்களும் நமக்கு 46, அதற்கு 60. எழுத்து மிகுந்தால் அறிவு மிகும் என்பது இங்கே செல்லாது.

பூவும் இல்லை, விதையும் இல்லை

முற்றிய கன்னிக்கூந்தல் இலை ஒன்றைப் பறித்து, கைலென்சு கொண்டு சிற்றிலையின் விளிம்பைப் பாருங்கள். ஓரம் உள்நோக்கி மடிந்து சிறுசிறு உறைகளாக இருக்கும். சட்டைக் கையின் மடிப்புக்குள் காசை ஒளித்து வைப்பது போல, அந்த மடிப்பின் உட்புறத்தில் ஸ்போர்ப்பைகளை ஒளித்து வைத்திருக்கிறது. மற்ற பெரணிகளில் இலையின் அடிப்பரப்பிலேயே ஸ்போர்ப்பைகள் இருக்கும். மடிப்பின் மேலேயே அவற்றைத் தாங்குவது அடியாண்டத்தின் தனி அடையாளம்.

ஐரோப்பியக் கிராம மக்களுக்கு இது பெரிய புதிராக இருந்தது. விதையில்லாமல் செடி ஏது? விதை உண்டு, ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. அதைக் கைப்பற்றியவனும் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து உலவலாம் என்று கதை கட்டினார்கள். புதிர் அவிழ 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு சுமின்ஸ்கி என்ற போலந்து நாட்டவர் பெரணியின் ஆண், பெண் உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்று கண்டார். 1851இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஹோஃப்மெய்ஸ்டர் முழு வாழ்க்கை வட்டத்தையும் விளக்கினார். தந்தையின் புத்தகம், இசைநூல் வியாபாரத்தில் உழைத்துக்கொண்டே தாமாகத் தாவரவியல் கற்றவர் இவர் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கதை இதுதான். ஸ்போர் நேரடியாகப் பெரணியாக வளர்வதில்லை. ஈரத்தில் விழுந்த ஸ்போர் முளைத்து, சிறுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவான பச்சைத் தகடாகிறது. இதைப் புரோதாலஸ் என்பர். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இதன் அடிப்புறத்தில் தோன்றும். ஆண் இனச்செல் நீந்திச் சென்று முட்டையை அடைய வேண்டும். அதற்கு ஒரு சொட்டு நீராவது வேண்டும். முட்டை கருவுற்ற பிறகே நாம் அறிந்த பெரணி அதிலிருந்து எழுகிறது. நிலத்துக்கு வந்து ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகள் ஆகியும் பெரணிகள் நீச்சலை விடவில்லை. கிணற்றுச் சுவரையும் அருவிக்கரையையும் அவை தேடிப்போவதற்கு இது இரண்டாவது காரணம்.

ஸ்போர் கிணற்றுக்குள் எப்படிப் போயிற்று? ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருபது ஸ்போர்களை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியது. அதை வெளியே எறிய ஒரு கவணே இருக்கிறது. ஸ்போர்ப்பையைச் சுற்றித் தடித்த சுவருள்ள செல்கள் பன்னிரண்டு பதின்மூன்று வளையமாக அமைந்துள்ளன. காற்று உலர உலர, செல்லுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிச் சுவர்களை உள்ளே இழுக்கிறது. வளையம் பின்னோக்கி வில்லாக வளைகிறது. இழுவிசை ஓர் எல்லையைத் தாண்டியதும் நீருக்குள் திடீரென்று குமிழி வெடித்து இழுப்பு அறுந்துபோக, வில் படீரென்று முன்னே பாய்கிறது. இதை அதிவேகப் படப்பிடிப்பால் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டவர்கள், ஸ்போர் புறப்படும் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் வரை இருப்பதாகக் கணக்கிட்டார்கள். இலைக்கு எதிரியான அதே வறண்ட காற்றே இங்கே விசையை இழுத்து விடுகிறது என்பதைப் பாருங்கள்! அதன்பின் காற்றின் போக்கு. ஒரே புரோதாலஸில் இரு பால் உறுப்பும் தோன்றக்கூடும் என்பதால், வழிதவறி வந்த ஒரு ஸ்போர்கூட ஒரு கிணற்றுக்குக் குடியேற்றக்காரனாகிவிட முடியும்.

பொதிகையின் உறவினர்

உலகில் இருநூறுக்கு மேற்பட்ட அடியாண்டம் இனங்கள் உள்ளன. தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையிலும், குற்றாலம், பாபநாசம் பகுதிகளிலும் சில இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. அடியாண்டம் ஃபிலிப்பென்ஸ், அடியாண்டம் காடேட்டம் ஆகியவை சுவையானவை. இவற்றின் இலை நுனி நீண்டு வளைந்து மண்ணைத் தொடும். தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதிய செடியாகும். அது மேலும் ஓர் எட்டு வைக்கும். ‘நடக்கும் பெரணி’ என்று பாடநூல்கள் சொல்வது இவற்றைத்தான். வடமொழி மருத்துவ நூல்களில் வரும் ‘ஹம்ஸபதி’, அதாவது அன்னத்தின் பாதம், இவற்றில் முதலாவது என்று பலர் கொள்கிறார்கள்.

தென்னிந்தியப் பெரணிகளை முதலில் விரிவாகப் படம் வரைந்து நூலாக்கியவர் பெட்டோம் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்த அவர், 1863 முதல் அதை வெளியிட்டார். நம் காலத்தில் அந்த வேலையைத் தொடர்ந்தது ஏரலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி. அங்கே பணிபுரிந்த மாணிக்கம், இருதயராஜ் ஆகிய இருவரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிப் பெரணிகள் பற்றி எழுதிய நூல் 1992இல் வந்தது. பெரணி படிப்பவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது.

மலைவாசத்தலங்களில் தொட்டியில் விற்கப்படுவது பெரும்பாலும் நம் நாட்டு இனம் அன்று. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த அடியாண்டம் ரேடியானம். பிரேசிலில் செடி சேகரித்த இத்தாலியர் ராடியின் நினைவாக இப்பெயர். இரண்டையும் பிரித்தறிவது எளிது. மலட்டுச் சிற்றிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நரம்பு விளிம்பிலுள்ள பல்லின் நுனியில் போய் முடிந்தால் அது கேப்பில்லஸ்-வெனரிஸ். இரண்டு பற்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் முடிந்தால் ரேடியானம். தோட்டத்திலிருந்து தப்பி நம் மலைகளிலும் ரேடியானம் காடேறிவிட்டது. ஹவாய்த் தீவுகளில் அது சொந்த நாட்டுக் கன்னிக்கூந்தலையே இடம்பெயர்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே வளர்த்து அலுத்த செடியை ஓடைக்கரையில் கொண்டுபோய் விடுவது தருமம் அன்று. அதேபோல் பாபநாசம் மேலே போகும்போது பாறையிலிருந்து பெரணியைப் பெயர்த்துக்கொண்டு வருவதும் கூடாது. 1988இல் அமைந்த களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அது. அங்கே புலிக்கு மட்டும் பாதுகாப்பு என்று எண்ணிவிடக்கூடாது. பெயர்த்து வந்த செடி பிழைப்பதும் அரிது.

வைத்தியர் வார்டின் பாட்டில்

கன்னிக்கூந்தல் வீட்டுச் செடியானதற்கு ஓர் அந்துப்பூச்சிக் கூடே காரணம் என்றால் நம்புவீர்களா? இலண்டனில் நத்தானியல் வார்டு என்ற மருத்துவர் பெரணி வளர்க்க ஆசைப்பட்டார். நகரத்தின் நிலக்கரிப் புகை ஒன்றையும் வாழவிடவில்லை. 1829 வாக்கில், அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணோடு பாட்டிலில் இட்டு மூடி வைத்தார். பூச்சியைப் பற்றிய நினைவு போயிற்று. மண்ணிலிருந்து ஒரு புல்லும் ஒரு பெரணியும் முளைத்தன! பகலில் மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் துளித்துத் திரும்பவும் மண்ணுக்கே வருவதை அவர் கண்டார். நீர் ஊற்றாமலே அவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன.

இதைப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். 1833இல் அவற்றில் செடிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. உப்புக் காற்றையும் மாதக்கணக்கான பயணத்தையும் தாங்கி உயிரோடு போய்ச் சேர்ந்தன. இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பெரணிப் பெட்டி வைக்கும் மோகம் பரவியது. மோகம் அளவுக்கு மீறிக் காட்டுப் பெரணிகளைச் சூறையாடியதும் நடந்தது. ஆனால் பெட்டியின் பெரிய வேலை வேறு. 1876இல் அமேசான் விதையிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த 1,919 ரப்பர்க் கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. கிழக்கு நாடுகளின் ரப்பர்த் தோட்டங்களுக்கும், அவற்றில் உழைக்கக் கப்பலேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் கதைக்கும் அந்தப் பெட்டிகள் ஒரு தொடக்கம். ஒரு பாட்டில் பெரணியிலிருந்து இவ்வளவு!

ஏரல் வீட்டில் வளர்க்க

மூன்றைக் கவனித்தால் போதும்: காற்று, வேர், நீர்.

சன்னலை மறந்துவிடுங்கள், மின்விசிறிக்குக் கீழேயும் வேண்டாம். தண்ணீர்ப் பானை வைக்கும் மூலை, குளியலறையின் வெளிச்சமுள்ள பக்கம், முற்றத்தின் வடக்கு நிழல் ஆகியவை ஏற்றவை. மண்தொட்டியை அதைவிடப் பெரிய மண்தொட்டிக்குள் வைத்து, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி எப்போதும் ஈரமாக வையுங்கள். இரண்டு சுவர்களும் கசிந்து செடியைச் சுற்றி ஒரு சின்னக் கிணற்றை உண்டாக்கும். மேல்காற்றுக் காலத்தில் இதுவும் போதாது. மிட்டாய்க் கடைகளில் வைத்திருக்கும் அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடிக்குள் சிறிய செடியை வைத்து மூடிவிடுங்கள். அதுதான் வார்டு பெட்டி. வெயில் நேரே படும் இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது, உள்ளே வெந்துவிடும்.

மண் இலைமட்கும் மணலும் கரித்தூளும் கலந்து பொலபொலவென்று இருக்க வேண்டும். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதானால் நல்ல நீரில் மூன்று நான்கு முறை அலசிப் பிழியுங்கள்; அதில் உப்பு இருக்கும். மண் ஒருபோதும் காயக்கூடாது. அதே சமயம் தேங்கிய நீரில் தொட்டி நிற்கவும் கூடாது.

நீரைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. ‘கடின நீர்’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். சுண்ணாம்பு கரைந்த நீர் வேறு. கறியுப்புக் கரைந்த உவர்நீர் வேறு. கேப்பில்லஸ்-வெனரிஸ் சுண்ணாம்பை விரும்பும் செடி. உலகெங்கும் சுண்ணாம்புப் பாறைக் கசிவுகளில் அது வளர்கிறது. சுண்ணாம்புக் காரை பூசிய கிணறு அதற்கு ஒரு செயற்கைப் பாறைதான். உவர்நீர் அப்படியன்று. வேரைச் சுற்றி உப்புச் சேரச் சேர, நீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல் போகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு ஏறியிருப்பதால், ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து வைத்திருந்து ஊற்றுவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் இலை காய்ந்துவிட்டால் உடனே தூக்கி எறியாதீர்கள். காய்ந்த இலைகளையெல்லாம் அடியோடு கத்தரித்துவிட்டு, மண்ணை மட்டும் ஈரமாக வைத்திருங்கள். மட்டநிலத்தண்டு உயிரோடு இருந்தால், சில வாரங்களில் கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்ட புதுத் தளிர்கள் தலை நீட்டும்.

தொட்டிச் செடியின் நிலை இது. கிணற்றுச் செடிக்கு இந்த வசதி இல்லை. ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் பழைய கிணறுகள் பல குப்பைக் குழியாகின்றன. சில மண்ணிட்டு மூடப்படுகின்றன. நீர்மட்டம் கீழே போனால் சுவர் கசிவதும் நின்றுவிடுகிறது. புதிதாகக் கட்டும் கிணற்றுக்குச் சிமெண்டு உறை. அதன் வழுவழுப்பான முகத்தில் ஸ்போர் பற்றிக்கொள்ள இடுக்குக் கிடையாது. உங்கள் தெருவில் எத்தனை கிணறுகள் உள்ளன, எவற்றில் பெரணி இருக்கிறது, அது நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பள்ளி மாணவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வைத்தால், அந்தக் குறிப்பு நிலத்தடி நீரைப் பற்றியும் பேசும்.

செங்கல்லில் ஒரு தோட்டம்

செலவில்லாத சோதனை ஒன்று. விளிம்பு மடிப்புகள் பழுப்பாகிவிட்ட இலை ஒன்றைக் காகிதத்தில் மடித்து இரண்டு நாள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். காகிதத்தில் பொடி போலப் பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கும். அதுதான் ஸ்போர். ஒரு துண்டுச் செங்கல்லை அரைமணி நேரம் நீரில் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். பூஞ்சணம் வராமலிருக்க இது அவசியம். செங்கல்லைத் தட்டில் வைத்துக் காய்ச்சி ஆறிய மழைநீரைப் பாதி உயரம் ஊற்றுங்கள். ஸ்போரை அதன்மேல் மிகக் குறைவாகத் தூவிக் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். தட்டில் நீர் வற்றினால் ஊற்றுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம்.

சில வாரங்களில் செங்கல் பச்சைப் பூச்சுப் பூசியது போலாகும். இரண்டு மூன்று மாதத்தில் இதய வடிவத் தகடுகளைக் கைலென்சில் காணலாம். அப்போது ஒருநாள் மட்டும் மூடியைத் திறந்து, சொட்டுக் குழாயால் தகடுகள் நனையும்படி நீர் விட்டு மூடுங்கள். இந்த நீரில்தான் நீச்சல் நடக்க வேண்டும். பிறகு பொறுமையாகக் காத்திருந்தால், ஏதாவது ஒரு தகட்டின் பள்ளத்திலிருந்து கடுகளவில் ஒற்றை விசிறியாக முதல் இலை எழும். அது நான்கைந்து இலை விட்ட பிறகே தொட்டிக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு வாரம், மூடியை முதல் நாள் கால்மணி, மறுநாள் அரைமணி என்று சிறிது சிறிதாகத் திறந்து, ஏரல் காற்றுக்கு அதைப் பழக்குங்கள்.